வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கத் திணறுவது ஏன்?

மோல்மேன் வகுப்பாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவின் மோல்மேன் நகரில் ஒரு கோயிலைச் சார்ந்து நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஆறு வயது முதல் பதினோரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். 1965இல் தனியார் பள்ளிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு இந்நாட்டில் தமிழ் கற்க மிஞ்சிய இடம் பெரும்பாலும் கோயில் மண்டபம்தான் என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். வாரத்தில் ஒரு நாள், அதிலும் சிறிது நேரமே கிடைக்கிறது. ஆயினும் என் கேள்வி நேரக் குறைவைப் பற்றியதன்று.

எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். பாட்டியோடு சண்டை பிடிப்பதும் தம்பியை மிரட்டுவதும் தமிழில்தான். அரசுப் பள்ளியில் பர்மிய மொழியில் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தைக் கற்பதில் அவர்களுக்குப் பெரிய சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை. பர்மிய எழுத்தில் 'ஏ' ஒலிக்கான குறி மெய்க்கு முன்னால் நிற்பதால் நம்முடைய 'கெ', 'கே' அவர்களுக்குப் புதுமையாகத் தோன்றுவதில்லை. 'கொ' என்பதில் குறி இரு பக்கமும் வருவதும் அவர்கள் அங்கே கண்டதுதான். நாம் மெய்யின் மேல் புள்ளி வைப்பதைப் போல அங்கே 'அதத்' என்னும் குறியை மேலே இடுகிறார்கள். ஆகையால் 247 எழுத்து என்று நாம் சொல்லும்போது பெற்றோர்தான் மலைக்கிறார்கள், பிள்ளைகள் மலைப்பதில்லை.

சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. "அவர்கள் வீட்டிற்குச் சென்றுவிட்டார்கள்" என்னும் வரியை ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி ஒவ்வோர் எழுத்தாகப் பிழையின்றி ஒலித்து முடிக்கிறாள். யார், எங்கே போனார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதையே "அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று நான் சொன்னால், இதைக்கூடக் கேட்க வேண்டுமா என்பதைப் போல என்னைப் பார்க்கிறாள். அதே பிள்ளை பர்மியப் பாடப்புத்தகத்தைப் பொருள் உணர்ந்து வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வாசிக்கும் திறனே இல்லை என்று சொல்வதற்கில்லை. தமிழே தெரியாது என்றும் சொல்வதற்கில்லை.

பெற்றோரில் சிலர், வீட்டில் சுத்தத் தமிழ் பேசத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவ்வாறு முயன்ற வீடுகளில் பிள்ளைகள் பேச்சுக்குப் பேச்சு திருத்தப்படுவதைப் பொறுக்காமல் பர்மிய மொழிக்கு மாறிவிட்டார்கள். வேறு சிலர், முதல் ஓராண்டுக்குப் பேச்சுத் தமிழையே எழுதிக் கொடுத்து வாசிக்கச் செய்யலாம் என்கிறார்கள். இவற்றுள் எது சரி, அல்லது மூன்றாவதாக ஒரு வழி உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


தட்டோன், ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

சயாமா (ஆசிரியை) அவர்களுக்கு வணக்கம். எங்கள் தலைமுறையிலும் வீட்டில் ஒரு தமிழும் புத்தகத்தில் ஒரு தமிழுமாகத்தான் இருந்தது, ஆயினும் வாசித்தோம். அது எப்படி என்று எண்ணிப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே புத்தகத் தமிழ் எங்கள் காதில் விழுந்து பழகியிருந்தது. அகர வரிசையில் அமைந்த நீதி வரிகளைப் பொருள் தெரியாத வயதிலேயே உரக்கச் சொல்ல வைத்தார்கள். கோயிலில் கதாகாலட்சேபம் நடந்தது. திருவிழாவில் நாடகம் போட்டார்கள். நாடகத்தில் ராஜா பேசிய தமிழ் வீட்டில் யாரும் பேசாத தமிழ்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்நாளில் தமிழ்நாட்டிலிருந்து உறவினர் கடிதம் எழுதுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை உரக்க வாசிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கும் அந்த நடை முழுக்க எழுத்துத் தமிழ். வாசிப்பவர் இடையிடையே நிறுத்தி, "அதாவது, பெரியண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டாங்களாம்" என்று பேச்சுத் தமிழில் விளக்குவார். இரண்டு தமிழும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து வந்து காதில் விழுந்ததால், எது எதற்கு நேர் என்பதை எவரும் கற்பிக்காமலே நாங்கள் அறிந்துகொண்டோம். இன்று கைப்பேசி வந்து கடிதத்தை அழித்துவிட்டது. பிள்ளைகள் கேட்கும் சினிமாவும் பேச்சுத் தமிழாகவே இருக்கிறது. தன் வாழ்நாளில் காதால் கேட்டறியாத ஒரு மொழியை நேராகக் கண்ணால் வாசி என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கிறோம். அவள் திணறாமல் என்ன செய்வாள்?

பேச்சுத் தமிழை எழுதிக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். எவருடைய பேச்சை எழுதுவீர்கள்? இராமநாதபுரத்திலிருந்து வந்தவர் வீட்டிலும் தஞ்சாவூரிலிருந்து வந்தவர் வீட்டிலும் ஒரே பேச்சா இருக்கிறது? அதற்கு மேல் பர்மியச் சொல் பாதி கலந்திருக்கிறது. ஒரு பிள்ளையின் பேச்சு அடுத்த பிள்ளைக்கு அந்நியமாகப் போய்விடும். எழுதப்பட்ட தமிழ் ஒன்றுதான் நம் எல்லோரையும் இன்றும் ஒரு கூட்டமாக வைத்திருக்கிறது; அதை நாமே கூறுபோடலாகாது.


யாங்கோன், மொழியியல் மாணவர் எழுதியது:

பெரியவர் ஐயா சொன்ன கடித வாசிப்பை ஆய்வாளர்கள் வேறொரு மொழியில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையில், ஒரே சமுதாயம் வீட்டுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கும் மேடைக்கும் மற்றொரு வடிவமுமாக ஒரு மொழியைப் பயன்படுத்துவதற்கு அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைத்தியின் கிரியோல் ஆகிய நான்கையும் எடுத்துக்காட்டி விளக்கினார். தமிழும் அந்த வரையறைக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று அதே கட்டுரையில் குறிப்பிட்டார். இதனைத் தமிழில் இரட்டை வழக்கு என்கிறோம். இந்த நிலை வாசிப்பைக் கற்பதை எவ்வாறு பாதிக்கிறது என்பது அரபு மொழியில் அதிகமாக ஆராயப்பட்டிருக்கிறது. தினா ஃபைட்டெல்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்புகளில் இலக்கிய அரபியில் எழுதிய கதைகளைப் பல மாதங்கள் தொடர்ந்து வாசித்துக் காட்டியபோது, அவ்வாறு கேட்ட பிள்ளைகள் கேளாத பிள்ளைகளைக் காட்டிலும் கதையைப் புரிந்துகொள்வதில் முன்னே சென்றிருந்தார்கள்.

எலினோர் சாயெக்-ஹதாத் 2003இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதைவிட நுட்பமானது. தங்கள் வீட்டுப் பேச்சில் இல்லாத ஓர் ஒலியை ஒரு சொல்லிலிருந்து தனியே பிரித்தெடுப்பது அரபுச் சிறுவர்களுக்குக் கடினமாக இருப்பதை அவர் காட்டினார். இதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால் நம் அரிச்சுவடியின் முதல் பக்கத்திலேயே ஒரு கோளாறு தென்படும். அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆடு, அதுவரை நன்று. அடுத்து இ என்றால் இலை. ஆனால் பிள்ளையின் வாயில் அது 'எலை'. உ என்றால் உரல். பிள்ளையின் வாயில் 'ஒரல்'. சொல்லின் முதலில் வரும் இகரமும் உகரமும், அவற்றை அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் முறையே எகரமாகவும் ஒகரமாகவும் மாறுகின்றன; இடம் 'எடம்' ஆவதும் குடம் 'கொடம்' ஆவதும் இதனால்தான். இகரத்தின் ஒலியை அறிமுகப்படுத்துவதற்கு அந்த ஒலியே இல்லாத ஒரு சொல்லைக் காட்டிவிட்டு, சில எழுத்துகள் தாண்டி எலியின் படத்தைப் போட்டு இதுதான் எகரம் என்கிறோம். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்பதில் வியப்பில்லை. இகரத்துக்கு இஞ்சியும் உகரத்துக்கு உப்பும் இருக்கின்றன. இவ்விரண்டும் வாயிலும் தாளிலும் ஒரே வடிவம் உடையவை.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி ஒரே தன்மையுடையதன்று. அதன் ஒரு பகுதி ஒலி மாற்றம். அது பெரும்பாலும் ஒழுங்கானது: காற்று 'காத்து' ஆனால் நேற்று 'நேத்து' ஆகும், ஒன்று 'ஒண்ணு' ஆனால் கன்று 'கண்ணு' ஆகும், அடித்தான் 'அடிச்சான்' ஆனால் படித்தான் 'படிச்சான்' ஆகும். இதை மறைக்காமல் நேரடியாகவே சொல்லிக் கொடுக்கலாம். பத்து வயதுப் பிள்ளைகள் இதைப் புதிர் விடுவிப்பதைப் போல விரும்பிச் செய்வார்கள். இன்னொரு பகுதி விகுதியும் வேற்றுமை உருபும்: வருகிறேன் 'வர்றேன்' ஆவது, வந்தார்கள் 'வந்தாங்க' ஆவது, என்னிடம் 'எங்கிட்ட' ஆவது போன்றவை. இவை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொரு வரியிலும் வருவதால் இவற்றை அறியாத பிள்ளை ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழும். மூன்றாவது பகுதி சொல்லே வேறாவது. 'சொன்னான்' என்பதற்குக் கூறினான், 'போனான்' என்பதற்குச் சென்றான், 'பாத்தான்' என்பதற்குக் கண்டான். இதற்கு விதி ஏதும் கிடையாது. பெரியவர் ஐயா சொன்னதைப் போலக் காதால் கேட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும். சயாமா குறிப்பிட்ட வரியில் இந்த மூன்றும் ஒருங்கே வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளை தடுமாறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதனோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் இது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. எழுத்து வடிவத்தைக் கண்டு பேச்சு வடிவத்தை ஊகித்துவிடலாம். பேச்சு வடிவத்தைக் கேட்டு எழுத்து வடிவத்தை ஊகிக்க இயலாது. 'காத்து' காற்றானால் 'பத்து' ஏன் பற்று ஆகக் கூடாது என்று பிள்ளை எண்ணும். பத்து ரூபாயைப் பற்று ரூபாய் என்று எழுதவும் செய்யும். 'அடிச்ச' என்பது அடித்த. 'பச்சை' என்பது பச்சையேதான். 'அஞ்சு' என்பது ஐந்து; 'மஞ்சள்' என்பது மஞ்சளேதான். எனவே சொல்வதெழுதுதலைத் தொடக்கத்திலேயே வைத்து, சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவதைப் போலப் பயனற்ற வேலை வேறில்லை. முதலில் நிறைய வாசிக்கட்டும்; எழுத்துப் பயிற்சி பின்னால் வரட்டும்.

பேச்சை எழுதலாமா என்ற கேள்வியில் எனக்கும் ஐயா அவர்களுக்கும் சிறிது வேறுபாடு உண்டு. பாடமாக எழுத வேண்டாம்; ஆனால் பிள்ளை தானே சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பலகையில் அப்படியே எழுதி, அதன் கீழே புத்தக வடிவத்தையும் எழுதிக் காட்டுவதால் தமிழ் சிதைந்துவிடாது. கடிதம் வாசித்தவர் வாயால் செய்ததைத்தான் இங்கே பலகையில் செய்கிறோம். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்ததையும் நினைவில் கொள்ளலாம்.


பெகுவிலிருந்து ஒரு தகப்பன் எழுதியது:

நான் ஆசிரியன் அல்லன். அரிசிக் கடை வைத்திருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். மேலே எழுதியவர்கள் எவரும் தொடாத ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்: பர்மிய மொழியும் இரட்டை வழக்கு உடையதுதான். பள்ளிக்குப் போகிறான் என்பதைப் பேச்சில் 'சௌங் கோ த்வா டெ' என்கிறோம். புத்தகத்தில் 'சௌங் தோ த்வா தி' என்று இருக்கும். பாடநூலும் அரசு அறிவிப்பும் செய்தித்தாளும் இன்னமும் அந்த நடையிலேயே வருகின்றன. 1960களின் நடுவில் மாண்டலே எழுத்தாளர் சிலர், இலக்கிய நடையை விட்டுவிட்டுப் பேசுவதைப் போலவே எழுத வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். கதைகளில் அதன் தாக்கம் தெரிகிறது, பாடநூல் அசையவில்லை. அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் அதை வாசித்துவிடுகிறார்களே, தமிழை மட்டும் ஏன் வாசிக்க முடியவில்லை என்பதுதான் சயாமாவின் கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

மேலே உள்ள இரண்டு பர்மிய வரிகளையும் உற்றுப் பாருங்கள். பள்ளி என்ற சொல்லும் போ என்ற சொல்லும் அப்படியே இருக்கின்றன. இடையில் வரும் ஒட்டுகள் மட்டுமே மாறுகின்றன. பன்மைக்குப் பேச்சில் 'ட்வே', புத்தகத்தில் 'மியா', பெயர்ச்சொல்லில் மாற்றமில்லை. இப்படிப்பட்ட ஒட்டுகளைக் கற்றுக்கொண்டால் பெரும்பகுதி முடிந்தது. தமிழிலோ ஒட்டு சொல்லின் வேரோடு கலந்துவிடுகிறது; 'போறான்' என்பதும் 'செல்கிறான்' என்பதும் எங்கே ஒன்றாகின்றன என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதோடு, பர்மியப் புத்தக நடையை அவர்கள் வாரத்தில் ஐந்து நாள், வகுப்பு முழுவதும் சேர்ந்து கத்தி வாசித்துக் கேட்கிறார்கள். பர்மியப் பள்ளியின் அருகே குடியிருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நன்கு தெரியும். தமிழுக்கு அந்தக் கத்தல் இல்லை.

இன்னொன்று. மரம் என்பதை நாம் பேசும்போது ஈற்றில் உதட்டை மூடி மகரத்தைச் சொல்வதில்லை. மூக்கால் இழுத்து விடுகிறோம். வந்தான் என்பதும் அவ்வாறே. என் மகன் "மரம்" என்பதை வாசிக்கும்போது உதட்டை அழுத்தி மூடி, "ம்" என்று முடித்து, இது வேறு ஏதோ சொல் என்று எண்ணிக்கொண்டு போனான். அவனிடம், பர்மிய மொழியில் சொல்லின் ஈற்றில் நகரம் எழுதினாலும் மகரம் எழுதினாலும் மூக்கால்தானே சொல்கிறாய், இங்கும் அப்படித்தான் என்று சொன்னேன். பிறகு அவனுக்கு மரமும் பழமும் பணமும் வீட்டுச் சொற்களாகிவிட்டன. பர்மிய மொழி படிப்பதால் தமிழ் போய்விடுகிறது என்று கூட்டந்தோறும் பேசுகிறோம். அந்த மொழியைக் கொண்டே தமிழை விளக்க முடியும் என்பதை எவரும் பேசுவதில்லை.

எங்கள் ஊரில் பக்திப் பாடல்களைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள் அதை இழிவாகப் பேசுகிறார்கள். நான் அவர்களை வகுப்புக்கு அழைக்கலாம் என்பேன். அந்தப் பாடல்களின் தமிழ் அவர்களுடைய காதில் ஏற்கெனவே இருக்கிறது, எழுத்து ஒன்றுதான் பாக்கி. சயாமாவின் பிள்ளைகளுக்கு இதற்கு நேர்மாறான நிலை.


சென்னை, வியாசர்பாடியிலிருந்து (பிறந்தது பர்மா) எழுதியது:

தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் 'எலை' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் தெருவில் இறங்கினால் பெயர்ப் பலகை, சுவரொட்டி, பேருந்தின் நெற்றி, மாலையில் தொலைக்காட்சிச் செய்தி என்று எழுத்துத் தமிழ் நான்கு பக்கமும் இருக்கிறது. இங்கே அச்சாகும் பாடநூல்கள் அந்தச் சூழலை நம்பி எழுதப்பட்டவை. அவற்றை மோல்மேனில் அப்படியே பயன்படுத்துவது பொருந்தாது. வகுப்புக் குறைவாக இருந்தாலும் உங்களுக்கென்று ஒரு முதல் வாசகம் (தொடக்க வாசிப்பு நூல்) தயாரித்துக்கொள்வது நல்லது.

கோயில் அலமாரிகளில் உள்ள பழைய புத்தகங்களைப் பிள்ளைகளிடம் தருவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சானவையாக இருந்தால், லை, ளை, னை, ணை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த பழைய வடிவத்தோடும் இருக்கும். பெரியவர்களுக்கு அது கண்ணில் படாது; பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும்.


தட்டோன், ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

பெகுத் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஈற்று மகரத்தைப் பற்றிய செய்தி உண்மை. இத்தனை ஆண்டுகள் இரு மொழியையும் பேசியும் நான் அந்தக் கோணத்தில் எண்ணியதில்லை. யாங்கோன் தம்பி சொன்னதைப் போலச் சொல்வதெழுதுதலைத் தள்ளி வைப்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

பலகையில் பேச்சை எழுதுவதில் மட்டும் என் தயக்கம் நீங்கவில்லை. பிள்ளையின் வாக்கியத்தைச் சொல்ல வையுங்கள், நீங்களும் சொல்லுங்கள். எழுதுவது ஒன்றாக இருக்கட்டும். எழுத்தில் கண்டதைப் பிள்ளை சரி என்றே எடுத்துக்கொள்ளும். 'போயிட்டாங்க' என்று ஆசிரியையின் கையெழுத்தில் பார்த்துவிட்டால், பிறகு அதைத் தேர்வில் எழுதாதே என்று நீங்கள் எந்த முகத்தோடு சொல்வீர்கள்? கிரேக்க நாடு 1976இல் மக்கள் பேசும் வடிவத்தையே பள்ளிக்குரிய மொழியாக ஆக்கியது என்று படித்திருக்கிறேன். அதைச் செய்ய அங்கே ஓர் அரசு இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு மண்டபமும் ஒரு கரும்பலகையும்.


யாங்கோன், மொழியியல் மாணவர் எழுதியது:

ஐயாவின் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் சிறுவர் கதைகளில் பாத்திரங்களின் உரையாடல் பேச்சுத் தமிழிலும் கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழிலும் அச்சிடப்படுவதை நாம் வழக்கமாகக் காண்கிறோம். மேற்கோள் குறிக்குள் இருப்பது ஒருவர் வாயிலிருந்து வந்தது, வெளியே இருப்பது எழுதியவருடையது என்ற வேறுபாட்டைப் பிள்ளைகள் எளிதில் உணர்ந்துகொள்கிறார்கள். பலகையிலும் பிள்ளையின் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள்ளே எழுதிவிட்டால், அது தவறான தமிழ் என்ற எண்ணமும் எழாது, தேர்வுக்குரிய தமிழ் என்ற மயக்கமும் எழாது. வீட்டில் பேசுவது கொச்சை என்று வகுப்பில் சொல்லிவிட்டால், பாட்டி பேசுவது கொச்சை என்று சொன்னதாகவே பிள்ளை எடுத்துக்கொள்ளும். பர்மிய மொழிக்கு மாறிய வீடுகளில் நடந்தது அதுவாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.


மோல்மேன் வகுப்பாசிரியை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வகுப்பைத் தொடங்கியதும் ஒரு கதையை நானே எழுத்துத் தமிழில் வாசித்துக் காட்டி, இடையிடையே நிறுத்திப் பேச்சுத் தமிழில் விளக்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் பிள்ளைகளின் கையில் புத்தகம் இராது. ஒரே கதையைப் பல வாரங்கள் தொடர்ந்து வாசித்து, அவர்களுக்கு அது பாடமாகிவிட்ட பிறகே அச்சில் காட்டப் போகிறேன். பாடல்களைப் பர்மிய எழுத்தில் வைத்துப் பாடும் பெண்களிடமும் பேசியிருக்கிறேன்; தங்களுக்குத் தெரிந்த பாடலைத் தமிழ் எழுத்தில் பார்ப்பதாக இருந்தால் வருகிறோம் என்றார்கள். மேற்கோள் குறி யோசனையை மூத்த பிள்ளைகளிடம் மட்டும் முயன்று பார்க்கிறேன். சிறியவர்களுக்கு ஐயா சொன்னபடி வாய்மொழியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் வாசகத்துக்காக, வாயிலும் தாளிலும் மாறாமல் இருக்கும் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைக்கின்றன: அம்மா, அப்பா, அக்கா, தம்பி, பாட்டி, தாத்தா, மாமா, ஆடு, மாடு, வீடு, காடு, காது, மூக்கு, நாக்கு, தட்டு, பாட்டு, நரி, புலி, கிளி, பூ. ஏவலில் வா, போ, தா, படி, குடி, பாடு, ஆடு. "தம்பி, வா. பாட்டு பாடு. அக்கா, ஆடு" என்று சிறு வாக்கியங்களை அமைத்துவிட முடிகிறது, இவற்றை வாசிக்கும் பிள்ளைக்குத் தான் வாசிப்பது தன் வீட்டுப் பேச்சு என்று தெரியும். மாறும் சொற்களை அதற்குப் பிறகு ஒவ்வொரு வகையாக, முதலில் காற்று, நேற்று போன்றவை, பிறகு ஒன்று, மூன்று, கன்று, பிறகு வினைமுற்றுகள் என்று கொண்டுவரலாம் என்றிருக்கிறேன். சென்றான், கூறினான் போன்றவை கதையின் வழியாக மட்டும் வரட்டும்.

ஓர் உதவி வேண்டும். உயிரெழுத்துகளுக்குப் பட அட்டை செய்கிறோம். இகரத்துக்கு இஞ்சி, உகரத்துக்கு உப்பு, எகரத்துக்கு எலி, ஏகாரத்துக்கு ஏணி என்று வைத்துவிட்டேன். ஐகாரத்துக்கு ஐவர் வேண்டாம், பிள்ளைகள் 'அஞ்சு பேர்' என்பார்கள்; ஐயர் என்று கோயில் குருக்களின் படத்தைப் போடலாம் என்று ஒருவர் சொன்னார், அதுவே போதும் என்று தோன்றுகிறது. ஒகரத்துக்குத்தான் பொருத்தமாக ஒன்றும் அகப்படவில்லை. அரிச்சுவடியில் உள்ள ஒட்டகத்தை எங்கள் பிள்ளைகளில் எவரும் கண்டதில்லை. ஒன்று என்றால் 'ஒண்ணு' என்பார்கள்.


பெகுவிலிருந்து ஒரு தகப்பன் எழுதியது:

ஒட்டடை போடுங்கள், சயாமா. எங்கள் கடையில் வேண்டிய மட்டும் இருக்கிறது. பிள்ளைகளும் அதை வீட்டில் அப்படியேதான் சொல்கிறார்கள். படம் வரைவது கடினமென்றால் புகைப்படம் எடுத்து அனுப்புகிறேன்.